ரைசன் 5 9600எக்ஸ், ஆர்டிஎக்ஸ் 5070: இந்தப் பாகங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா?

பாலாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வேலூரில் வசிக்கிறேன். விளையாட்டுக்கென்று ஒரு கணினியைப் பாகம் பாகமாக வாங்கி நானே அசெம்பிள் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இப்போதுதான் அதற்கான பணம் சேர்ந்திருக்கிறது. 27 அங்குல 1440பி மானிட்டர் ஒன்று வீட்டில் இருக்கிறது. 165 ஹெர்ட்ஸ் வரை போகும். பெரும்பாலும் பெரிய கதை விளையாட்டுகளும், நண்பர்கள் சேர்ந்தால் வாலரன்ட்டும் ஆடுவேன்.

நான் குறித்து வைத்திருப்பவை இவை. பிராசசர் ஏஎம்டி ரைசன் 5 9600எக்ஸ். மதர்போர்டு பி650 சிப்செட் உள்ள மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் பழைய ஸ்டாக் என்று விலை குறைத்துத் தருகிறார்கள். கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 5070, மூன்று விசிறி மாடல், நீளம் 304 மி.மீ. கூலர் 155 மி.மீ. உயரமுள்ள டவர் வகை. 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று. கேபினட் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி உள்ள சிறிய வகை; அதன் விவரக் குறிப்பில் கார்டு நீளம் 310 மி.மீ. வரை, கூலர் உயரம் 150 மி.மீ. வரை என்று போட்டிருக்கிறது.

செலவைக் குறைப்பதற்காகப் பழைய கணினியிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொள்ள நினைக்கிறேன். டிடிஆர்4 3200 ரேம் 8 ஜிபி இரண்டு, 500 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), 480 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, 600 விஏ யுபிஎஸ் ஆகியவை நல்ல நிலையில் இருக்கின்றன. கடைக்காரரிடம் பட்டியலைக் காட்டியபோது, சாக்கெட் சரியாக இருக்கிறது, எல்லாம் மாட்டிவிடலாம் என்றார். சாக்கெட் சரியாக இருந்தால் மட்டும் போதுமா, வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று விவரமறிந்தவர்கள் சொன்னால், பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே திருத்திக்கொள்வேன்.

இளவேனில் எழுதியது:

வாங்குவதற்கு முன்பு கேட்டது மிகவும் நல்லது. பிராசசரும் கார்டும் உங்கள் மானிட்டருக்கு ஏற்ற இணைதான். அவற்றில் கை வைக்க வேண்டாம். சிக்கல் முழுவதும் அவற்றைச் சுற்றியுள்ள பொருள்களில் இருக்கிறது. கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆனால் சாக்கெட், அதாவது போர்டில் பிராசசர் உட்காரும் இடம், என்பது பொருத்தத்தின் முதல் கேள்வி மட்டுமே.

முதலில் ரேம். ரைசன் 7000 வரிசையோடு 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட், டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்கள்தான் என்றாலும், அடியில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். அழுத்தினாலும் உட்காராது, உட்கார வைக்க முயலவும் கூடாது. ஆகவே பழைய ரேமைப் பழைய கணினியோடு சேர்த்து விற்றுவிடுவதே நல்லது. புதிதாக 16 ஜிபி இரண்டு கொண்ட ஒரே பெட்டியாக, டிடிஆர்5 6000 வேகம், சிஎல்30 (தாமத அளவு), எக்ஸ்போ (ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆதரவு உள்ளதாக வாங்குங்கள். ஏஎம்5க்கு விலையும் வேகமும் ஒன்றுகூடும் இடம் அதுதான். 7200, 8000 என்று பெரிய எண் போட்ட ரேமுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இந்த பிராசசரில் பலன் தராது.

அடுத்து மதர்போர்டு. இங்கேதான் உங்கள் பட்டியலில் கண்ணுக்குத் தெரியாத சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கிறது. பி650 போர்டுகள் 2022 அக்டோபரில் சந்தைக்கு வந்தவை. 9600எக்ஸ் வந்தது 2024 ஆகஸ்டில். சாக்கெட் ஒன்றே என்றாலும், அதற்கு முன்பு தொழிற்சாலையை விட்டு வெளிவந்த போர்டில் உள்ள பயாஸுக்கு (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) இந்த பிராசசரை அடையாளம் தெரியாமல் போகலாம். அப்படியானால் எல்லாவற்றையும் சரியாக மாட்டி மின்சாரம் கொடுத்தாலும் விசிறி மட்டும் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். பழைய ஸ்டாக் என்று கடைக்காரரே சொல்லும்போது இதைக் கவனிக்காமல் விடக்கூடாது. பெட்டியின் மேல் ரைசன் 9000 வரிசைக்குத் தயார் என்ற ஒட்டுவில்லை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பின்பக்கத்தில் பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டாக இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால், கடையிலேயே பயாஸைப் புதுப்பித்துத் தரச் சொல்லி, அதன் பிறகே வாங்க வேண்டும். தயாரிப்பாளரின் இணையதளத்தில் ஒவ்வொரு போர்டுக்கும் பிராசசர் ஆதரவுப் பட்டியல் உண்டு. எந்த பிராசசருக்கு எந்தப் பயாஸ் பதிப்பு வேண்டும் என்று அதில் வரிசையாக இருக்கும். கடைக்காரரின் சொல்லைவிட, நண்பரின் சொல்லைவிட, என் சொல்லைவிட அந்தப் பட்டியலை நம்புங்கள்.

பி650 போர்டில் கார்டுக்கான ஸ்லாட் பெரும்பாலும் பிசிஐஇ 4.0 ஆகத்தான் இருக்கும், கார்டோ பிசிஐஇ 5.0. பிசிஐஇ என்பது கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் இணைப்பு, எண் அதன் தலைமுறை. இதைப் பார்த்துப் பலர் பதறிப்போய் விலை கூடிய போர்டுக்குத் தாவுகிறார்கள். தேவையே இல்லை. ஆர்டிஎக்ஸ் 5070 அந்த இணைப்பின் பதினாறு லேன்களையும் (தரவு போகும் பாதைகள்) பயன்படுத்தும் கார்டு; 4.0 ஸ்லாட்டில் விளையாட்டில் உணரக்கூடிய வேறுபாடு எதுவும் வராது. ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600 போல எட்டு லேன்கள் மட்டுமே உள்ள கார்டை பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள பழைய போர்டில் மாட்டுகிறவர்கள்தான் இதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இனி கேபினட். இதைத்தான் அதிகம் வலியுறுத்த விரும்புகிறேன். 155 மி.மீ. கூலரை 150 மி.மீ. எல்லை உள்ள கேபினட்டில் வைத்தால், எல்லாம் நன்றாக மாட்டிய பிறகு கடைசியில் பக்கவாட்டுக் கண்ணாடி மூடாது. 5 மி.மீ.தானே என்று அழுத்தினால், அந்த அழுத்தம் கூலர் வழியாக பிராசசரின் மேலும் மதர்போர்டின் மேலும் இறங்கும். கார்டின் நிலையும் அப்படித்தான். 310 மி.மீ. என்பது பெரும்பாலும் முன்பக்க விசிறி இல்லாதபோது கிடைக்கும் இடம். வழக்கமான விசிறியின் தடிமன் 25 மி.மீ.; உள்பக்கமாக அதை மாட்டினால் மிஞ்சுவது 285 மி.மீ., உங்கள் கார்டோ 304 மி.மீ. விசிறியை எடுத்துவிட்டால் கார்டு நுழையும், ஆனால் காற்று நுழையாது.

வேலூரில் இருப்பவருக்குக் காற்று சிறிய விஷயமல்ல. ஒரு கூலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அறையின் வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரி என்றுதான் அதன் திறனைக் கணக்கிட முடியும். குளிரூட்டப்பட்ட அறையில் 25 டிகிரியில் சோதித்து எழுதிய விமர்சனத்தில் பிராசசர் 70 டிகிரி என்றால், சித்திரையில் 38 டிகிரி இருக்கும் அறையில் அதே பிராசசர் 83 டிகிரியை எட்டும். அந்தப் 13 டிகிரி எங்கும் போகாது. அதன் மேல், முன்பக்கத்தைக் கண்ணாடியால் மூடிவிட்டால் உள்ளே சுழலும் வெந்த காற்றையே கார்டும் உறிஞ்சும். எனவே கூலரை மாற்றாமல் கேபினட்டை மாற்றுங்கள். முன்பக்கம் முழுவதும் வலை உள்ளது, கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி உள்ளது, கூலர் உயரம் 165 மி.மீ. வரை, விசிறியோடு சேர்த்தே கார்டு நீளம் 320 மி.மீ. வரை ஏற்பது என்று தேடினால் நிறையவே கிடைக்கும். முன்னால் இரண்டு விசிறிகள் காற்றை உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியேற்றினால் போதும்.

9600எக்ஸின் பெட்டியில் கூலர் வராது என்பதால் தனியாக வாங்க நினைத்தது சரியே. எஸ்எம்பிஎஸ் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

மின்பணிமனை எழுதியது:

தம்பி, இளவேனில் சொன்னவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். பழுதுபார்ப்பதே என் தொழில் என்பதால், மின்சாரம் சம்பந்தப்பட்ட பகுதியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் கணினி முழு வேகத்தில் ஓடும்போது என்ன இழுக்கும் என்று கூட்டிப் பார்ப்போம். 9600எக்ஸின் பெயரளவு 65 வாட் என்றாலும், அது சாக்கெட்டிலிருந்து 88 வாட் வரை எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஆர்டிஎக்ஸ் 5070இன் அளவு 250 வாட். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, விசிறிகள் எல்லாம் சேர்த்து ஒரு 60 வாட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ஏறத்தாழ 400 வாட். 500 வாட் இருக்கிறதே, போதாதா என்று தோன்றும். அந்தப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பி, பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். +12வி என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். பிராசசருக்கும் கார்டுக்கும் உணவு அந்த 12 வோல்ட் வழியாகத்தான் போகிறது. மலிவான பல பெட்டிகளில் 500 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தாலும் அந்தக் கட்டத்தில் 25 ஆம்பியர் என்றே இருக்கும். 12ஐ 25ஆல் பெருக்கினால் 300 வாட். நல்ல 750 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றில் அதே கட்டத்தில் 62 ஆம்பியர் இருக்கும், அதாவது ஏறக்குறைய முழு அளவும் 12 வோல்ட்டிலேயே கிடைக்கும்.

இன்னொன்று, இன்றைய கார்டுகள் 250 வாட் என்ற கோட்டில் அமைதியாக நிற்பவையல்ல. நொடியின் மிகச் சிறிய துணுக்கில் அதைவிட வெகுவாக எகிறி உடனே இறங்கும். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம், எஸ்எம்பிஎஸ் தன் அளவைப் போல இருமடங்கு வரை 100 மைக்ரோநொடி நேரம் தாங்க வேண்டும் என்று இதற்காகவே விதித்தது. பழைய பெட்டிகள் அந்த எகிறலை ஷார்ட் சர்க்யூட் என்று நினைத்து அணைந்துவிடும். விளையாட்டின் நடுவே கணினி பட்டென்று அணைகிறது என்று என்னிடம் கொண்டுவருகிறவர்களில் பலர் கார்டு போய்விட்டது என்றே முடிவு கட்டி வருகிறார்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியதும் சரியாகிவிடுகிறது. என்விடியா இந்தக் கார்டுக்கு 650 வாட் பரிந்துரைக்கிறது. ஏடிஎக்ஸ் 3.1 தரமுள்ள 750 வாட்டாக வாங்குங்கள். நாளைக்குப் பெரிய கார்டுக்கு மாறினாலும் அது உதவும். 80 பிளஸ் கோல்டு என்பது சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் போய்ச் சேருகிறது என்பதற்கான சான்று மட்டும்தான். பாதுகாப்புச் சுற்று எப்படி, உள்ளே உள்ள கெப்பாசிட்டர் எப்படி என்பதை அது சொல்லாது. உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று பாருங்கள், ஏழு அல்லது பத்து ஆண்டு தருகிறவர்கள் பெரும்பாலும் உள்ளேயும் நல்ல பொருளையே வைத்திருப்பார்கள்.

கேபிள்களில் கூடுதல் கவனம் தேவை. 5070இல் உள்ளது 16 பின் இணைப்பு. கார்டோடு ஓர் அடாப்டர் வரும்; அதில் இரண்டு 8 பின் பிசிஐஇ கேபிள்களைச் செருக வேண்டும். ஒரே கேபிளின் நுனியில் இரண்டு தலை தொங்குகிறதே என்று அதையே இரண்டிலும் செருகாமல், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனித்தனிக் கேபிள்களை இழுங்கள். புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் 16 பின் கேபிள் நேரடியாகவே வந்தால் அடாப்டரை எடுக்கவே வேண்டாம். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் இந்த இணைப்பு உருகிய செய்தியைப் படித்திருப்பீர்கள். முழுதாக உள்ளே போகாமல் இருந்தது அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. அதன் பிறகு வடிவத்தைத் திருத்தினார்கள், உங்கள் கார்டு இழுக்கும் அளவும் அதைவிட மிகக் குறைவு. இருந்தாலும், செருகிய பிறகு விளக்கை அடித்து, இரண்டு பிளாஸ்டிக் பகுதிகளுக்கும் இடையில் கோடு போல இடைவெளி தெரியவில்லை என்று பார்த்துவிட்டே மூடுங்கள்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றக்கூடிய கேபிள் எதையும் புதியதில் பயன்படுத்தாதீர்கள். கணினியின் பக்கம் உள்ள முனைக்குத்தான் பொதுத்தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கம் உள்ள முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், சில சமயம் ஒரே நிறுவனத்தின் மாடலுக்கு மாடல் மாறும். முனை அழகாகப் பொருந்தும், எஸ்எஸ்டிக்கு 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போகும். அந்த எஸ்எஸ்டியில் இருந்த படங்களையும் பாடங்களையும் பிறகு யாராலும் மீட்டுத் தர முடியாது.

600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். 400 வாட் செலவு என்றால், எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவதையும் மானிட்டரையும் சேர்த்துச் சுவரிலிருந்து 480 முதல் 500 வாட் வரை எடுக்கும். ஆகவே விளையாடும்போது மின்சாரம் போனால், யுபிஎஸ் கூவிக்கொண்டே அணைந்துவிடும், இருந்தும் இல்லாதது போலத்தான். குறைந்தது 600 வாட் தாங்கும் யுபிஎஸ் வேண்டும். தூய சைன் அலை தருவதாக இருந்தால் இன்னும் நல்லது. படிப்படியான அலை தரும் மலிவு யுபிஎஸ்ஸோடு சில எஸ்எம்பிஎஸ்கள் ஒத்துப்போகாமல், மாறும் அந்தக் கணத்திலேயே அணைந்துவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், அது யுபிஎஸ் நிலையில் வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதையெல்லாம்விட, நீங்கள் செருகப்போகும் பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று ஓர் எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். எர்த் இல்லாத வீட்டில் கேபினட்டின் இரும்பைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் உள்ள வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கசியும் மின்சாரம் போக வழியில்லாமல் கேபினட்டில் நிற்பதுதான் அது. புதிய எஸ்எம்பிஎஸ் வாங்கினாலும் அது போகாது. எர்த் போட்டால்தான் போகும்.

குறிஞ்சிமலர் எழுதியது:

எல்லோரும் ஏஎம்5 பக்கமே பேசுவதால் மாற்று வழி ஒன்றையும் முன்வைக்கிறேன். பழைய டிடிஆர்4 ரேமை வீணாக்க மனமில்லை என்றால், இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் டிடிஆர்4 ஏற்கும் பி760 போர்டுகள் இருக்கின்றன. அதில் ஐ5 14400எஃப் போட்டால் பத்து கோர்கள் கிடைக்கும், போர்டின் விலையும் குறைவு. ஆனால் வாங்கும்போது போர்டின் பெயரில் டி4 அல்லது டிடிஆர்4 என்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அதே மாடல் இரண்டு வகையிலும் வரும், இரண்டு வகை ரேமையும் ஏற்கும் ஸ்லாட் கிடையாது. எஃப் என்ற எழுத்து இருப்பதால் உள்ளமைந்த கிராஃபிக்ஸும் இருக்காது, கார்டு இல்லாமல் திரையில் எதையும் பார்க்க முடியாது. 1440பியில் பெரும்பாலான நேரம் கார்டுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்பதால், கதை விளையாட்டுகளில் 9600எக்ஸுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

இளவேனில் எழுதியது:

குறிஞ்சிமலர் சொன்னது தொழில்நுட்பப்படி சரி. மிச்சமாகும் பணமும் உண்மையானது. இருந்தாலும் இவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்றைய பெரிய விளையாட்டுகளுக்கு 16 ஜிபி நெருக்கடியாகிவிட்டது. ஆகவே அந்த வழியில் போனாலும் விரைவில் மேலும் டிடிஆர்4 வாங்க நேரும், அந்தப் பணம் அடுத்த கணினிக்கு உதவாது. எல்ஜிஏ 1700 என்பது 2021இல் வந்து, 2024 அக்டோபரில் எல்ஜிஏ 1851க்கு வழிவிட்டு முடிந்துபோன சாக்கெட். ஏஎம்5ஐ 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் ஆதரிப்பதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. சில ஆண்டுகள் கழித்து அதே போர்டில், அதே ரேமோடு, கூடுதல் கேஷ் நினைவகம் உள்ள எக்ஸ்3டி வகை பிராசசர் ஒன்றைப் போட்டுக்கொள்ளும் வாய்ப்பு, முதல்முறை சொந்தப் பணத்தில் வாங்குகிறவருக்குப் பெரிய சொத்து. வாலரன்ட் போன்ற, பிராசசரையே அதிகம் நம்பியிருக்கும் விளையாட்டில் பிராசசர்களுக்கு இடையிலான வேறுபாடு கதை விளையாட்டுகளைவிட அதிகம் தெரியும்.

பாலாற்றங்கரை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. எஸ்எம்பிஎஸ் லேபிளைப் பார்த்துவிட்டேன். மின்பணிமனை அண்ணா சொன்னது போலவே 12 வோல்ட்டுக்கு நேரே 25 ஆம்பியர்தான் இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன். ஏஎம்5இலேயே நிற்பதாக முடிவு செய்திருக்கிறேன்.

மேலும் சில ஐயங்கள். ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டு கிடைத்தால், பிராசசர் இல்லாமலே பயாஸைப் புதுப்பிக்க முடியுமா? ரேமை 8 ஜிபி நான்காக வாங்கினால் நான்கு ஸ்லாட்டும் நிரம்பி அழகாக இருக்குமே, அதில் ஏதும் குறை உண்டா? பழைய சாட்டா எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10 இருக்கிறது. அதை அப்படியே மாட்டிப் பயன்படுத்தலாமா?

இளவேனில் எழுதியது:

பிராசசர், ரேம், கார்டு எதுவும் இல்லாமலே முடியும், அதற்காகத்தான் அந்தப் பொத்தானை வைத்திருக்கிறார்கள். போர்டில் 24 பின் கேபிளையும், மேல் மூலையில் உள்ள பிராசசருக்கான 8 பின் கேபிளையும் மட்டும் இணையுங்கள். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கே உரிய பயாஸ் கோப்பை இறக்கி, கையேட்டில் உள்ளபடி பெயரை மாற்றி, ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் போடுங்கள். அதைப் பின்பக்கத்தில் குறியிட்ட யுஎஸ்பி துளையில் செருகிப் பொத்தானை அழுத்தினால், பக்கத்தில் உள்ள சிறு விளக்கு மினுங்கத் தொடங்கும். மினுங்கல் தானாக நிற்கும்வரை எதையும் தொடக்கூடாது. நடுவில் மின்சாரம் போனால் சிக்கலாகும் என்பதால், இந்த வேலைக்கு மட்டும் உங்கள் பழைய 600 விஏ யுபிஎஸ் தாராளமாகப் போதும்.

நான்கு ரேம் வேண்டவே வேண்டாம். டிடிஆர்5இல் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் மெமரி கன்ட்ரோலரின் சுமை கூடி வேகம் விழும். 9600எக்ஸுக்கு ஏஎம்டி கொடுத்துள்ள அளவே இரண்டு ரேமுக்கு 5600, நான்குக்கு 3600 என்றுதான் இருக்கிறது. அதற்கு மேல் ஓட்டுவது அந்தந்த போர்டையும் ரேமையும் பொறுத்தது; இரண்டு ரேமில் 6000 எளிதாக ஓடும், நான்கில் உறுதியில்லை. இரண்டையும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். கையேட்டில் ஏ2, பி2 என்று இருக்கும். பயாஸுக்குள் போய் எக்ஸ்போவை இயக்கும்வரை ரேம் 4800 போன்ற அடிப்படை வேகத்தில்தான் ஓடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

முதல்முறை கணினியை இயக்கும்போது போர்டு அந்த ரேமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். திரை கறுப்பாக இருக்கும், போர்டில் டிராம் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு எரியும். பலரும் இந்த இடத்தில்தான் ஏதோ கெட்டுவிட்டது என்று அணைத்து, கழற்றி, மறுபடியும் மாட்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்தப் பழக்கம் முதலிலிருந்து தொடங்கும். பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள்.

பழைய எஸ்எஸ்டியைக் கோப்புகள் வைத்துக்கொள்ளப் பயன்படுத்தலாம். அதில் உள்ள விண்டோஸை அல்ல. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11இல் வாலரன்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இயக்கத்தில் இருக்க வேண்டும். டிபிஎம் உங்கள் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது, செக்யூர் பூட்டை பயாஸில் பார்த்துக்கொள்ளலாம். புதிய என்விஎம்இயில் விண்டோஸ் 11ஐப் புதிதாக நிறுவுங்கள். நிறுவி முடியும்வரை சாட்டா எஸ்எஸ்டியின் கேபிளைக் கழற்றி வையுங்கள். இரண்டும் இணைந்திருந்தால் சில நேரங்களில் தொடக்கக் கோப்புகள் பழைய எஸ்எஸ்டியில் போய் உட்கார்ந்துவிடும். பிறகு அதை எடுத்த அன்றே கணினி எழும்பாது.

மின்பணிமனை எழுதியது:

கேபினட் வாங்கும்போது பார்க்க வேண்டிய இன்னோர் அளவும் உண்டு, தம்பி. 16 பின் கேபிள் கார்டின் மேல் விளிம்பிலிருந்து பக்கவாட்டுக் கண்ணாடியை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். இணைப்பிலிருந்து முதல் 35 மி.மீ. வரை கேபிளை வளைக்காமல் விட வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. கார்டின் அகலத்தோடு இந்த 35 மி.மீ.ஐயும் கூட்டி, கேபினட்டின் உள்ளளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீளத்தை மட்டும் அளந்துவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

வாங்கும் இடத்தில் ஒவ்வொரு பொருளின் சீரியல் எண்ணும் பில்லில் ஏறியிருக்கிறதா, இந்தியாவுக்கான உத்தரவாதம் உள்ள பொருள்தானா என்று பாருங்கள். ஏஎம்5 போர்டில் பின்கள் சாக்கெட்டில்தான் இருக்கின்றன, பிராசசரில் இல்லை. எனவே கடையிலேயே சாக்கெட்டின் கறுப்பு மூடியைத் திறக்கச் சொல்லி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, எல்லாப் பின்களும் ஒரே வரிசையாக மின்னுகின்றனவா என்று உறுதி செய்துகொண்டு பணத்தைக் கொடுங்கள். வளைந்த பின்னுக்கு உத்தரவாதம் கிடைக்காது. பிராசசரைப் பொருத்திய பிறகு அந்த மூடியைத் தூக்கி எறியாமல் போர்டின் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். பின்னாளில் போர்டைச் சர்வீஸுக்கு அனுப்ப நேர்ந்தால் மூடியோடு வந்தால்தான் பல இடங்களில் வாங்கிக்கொள்வார்கள்.